நடுவில் யாரோ இருக்கிறார்கள்

நேர்முகத் தேர்வு தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏற்கெனவே துடைத்த சமையல் மேடையை இன்னொரு முறை துடைத்தாள். கழுவிக் கவிழ்த்த டம்ளர்களை நிமிர்த்தி, எதற்கு நிமிர்த்தினோம் என்று தெரியாமல் மறுபடி கவிழ்த்தாள். குட்டி போட்ட பூனை மாதிரி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். இத்தனைக்கும் தேர்வு அவளுக்கில்லை, அவள் கணவனுக்கு.

அவன் படுக்கையறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். காற்று வரட்டும் என்று கதவைப் பாதி திறந்து வைத்திருந்தான். கூடத்தில் சாப்பாட்டு மேசையோரம் நின்றால் அவன் முதுகும் திரையில் பாதியும் தெரியும். திரையின் மூலையில் இரண்டு முகங்கள். ஒன்று அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர், நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண். இன்னொன்று தாடி வைத்த இளைஞன். ஆரம்பத்திலேயே அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்: "அறையில வேற யாரும் இருக்கக் கூடாது. யாரும் உதவி பண்ணக் கூடாது. போனை அணைச்சு வெச்சிடுங்க." அவனும் சமர்த்தாக அணைத்து, மெத்தைமேல் போட்டிருந்தான்.

அவனுக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர் வைத்தது அவள்தான். பழைய அலுவலகத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. செயலியில் ஒரு கோளாறு வந்தால் அவள் நாலு இடத்தில் நாலு மாற்றம் செய்து ஓட்டிப் பார்ப்பாள். ஓடிவிட்டால் போதும், ஏன் ஓடியது என்று கேட்கிற வழக்கமே அவளுக்கில்லை. அவன் நேர்மாறு. ஏன் ஓடவில்லை என்று தெரிகிறவரை ஒரு எழுத்தைக்கூடத் தொடமாட்டான். தாடையைத் தடவிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். இந்த இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று சொன்னபோது அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பிறகு அந்த அலுவலகம் அவர்கள் இருந்த பிரிவையே இழுத்து மூடியது. அவளுக்கு உடனே வேறு இடம் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. ஓராண்டு ஆகப்போகிறது. வேலை தெரியாதவன் என்று யாரும் சொல்லவில்லை. கேள்வி கேட்டால் வாயைத் திறக்கவே நேரமாகிறது என்றார்கள். நேற்றுச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இதுவும் இல்லைன்னா அண்ணன் கடைக்கே போயிடறேன். பெயிண்ட் டப்பா விக்கறதுல என்ன கேவலம்?" கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் போனால் திரும்ப மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றை முடிவு செய்யத்தான் அவனுக்கு நேரமாகும். முடிவு செய்துவிட்டால் கடப்பாரை வைத்தாலும் நகர்த்த முடியாது.

அதனால்தான் இன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் நின்றாள். நின்று என்ன செய்யப் போகிறாள் என்பது அவளுக்கே தெரியாது.

நிறுவனம் அவனிடம் ஒரு சின்னச் செயலி எழுதி வரச் சொல்லியிருந்தது. மருத்துவமனையில் காத்திருக்கிறவர்களுக்குத் தங்கள் முறை எப்போது வரும் என்று காட்டுகிற செயலி. அதை அவர்கள் கண்முன் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டுவது எமுலேட்டரில். அதாவது, கணினித் திரைக்குள் ஒரு போலிக் கைப்பேசி. வெறும் படம்தான், ஆனால் நிஜக் கைப்பேசி செய்வதையெல்லாம் அது செய்யும். வலைப்பின்னலில் சேரும், செய்தி வாங்கும், வேளை வந்தால் காலையும் வாரும்.

இப்போது அது காலை வாரிக்கொண்டிருந்தது. செயலி திறந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'இணைப்பு இல்லை' என்று ஒரு வரி வந்து நின்றது.

"நேத்து ஓடுச்சா?" என்று தாடிக்காரன் கேட்டான்.

"நேத்து இதுல போட்டுப் பாக்கலை. என் போன்ல பாத்தேன், ஓடுச்சு" என்றான் நிதானம்.

"சரி, என்னன்னு பாருங்க. நாங்க இருக்கோம்" என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாமியார் சோபாவிலிருந்து எழுந்து வந்தார். நீதிமன்றத்தில் தட்டச்சு செய்து ஓய்வுபெற்றவர். மகன் விஷயத்தில் மட்டும் வழக்கு விசாரணைக்கு வருமுன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறவர்.

"என்னடி ஆச்சு? ஏன் எல்லாரும் உம்முனு இருக்காங்க?" என்று காதோரம் கேட்டார்.

"அந்தப் பொம்மை போனுக்கு நெட் கிடைக்கலை அத்தை."

"நம்ம வீட்ல நெட் இருக்கே. நான் இப்பதானே சீரியல் பாத்தேன்?"

"வீட்டுக்கு இருக்கு. அதுக்குப் போய்ச் சேரலை."

நிதானம் அவசரப்படவில்லை. செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தான். "முதல்ல, என் கணினிக்கு நெட் இருக்கான்னு பாக்கறேன். இருக்கு. சரி, அப்ப தப்பு வீட்டு இணைப்புல இல்லை. அடுத்து, போலி போன் விமானப் பயன்முறையில இருக்கான்னு பாக்கறேன். இல்லை. வைஃபை சேர்ந்திருக்குன்னுதான் காட்டுது. ஆனா அதுல இருக்கற உலாவியும் எந்தப் பக்கத்தையும் திறக்கலை. அப்ப தப்பு என் செயலியிலயும் இல்லை."

சொல்லிவிட்டு நிறுத்தினான். தாடையைத் தடவினான்.

'தடவாதே, தடவாதே' என்று அவள் மனசுக்குள் கத்தினாள். திரையில் தாடிக்காரன் கொட்டாவியை உள்ளங்கையால் மறைப்பது தெரிந்தது. அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார்.

"பழைய நிலையிலிருந்து எழும்பாம, புதுசா முழுசா அணைச்சு ஆன் பண்றேன்" என்றான். போலிக் கைப்பேசி அணைந்து, உற்பத்தியாளரின் சின்னம் தோன்றி, மெல்ல மெல்ல எழுந்தது. செயலியைத் திறந்தான். வட்டம் சுற்றியது. 'இணைப்பு இல்லை.'

அணைத்து எழுப்பியும் போகாத கோளாறா? அப்படியானால் யாரோ ஒரு அமைப்பை மாற்றி, அது அப்படியே பதிந்திருக்க வேண்டும். யாரோ என்றால் யார்? அந்தக் கணினியைத் தொடுகிறவர்கள் இந்த வீட்டில் இரண்டே பேர்.

அவள் கண் நாற்காலியில் மாட்டியிருந்த தன் லேப்டாப் பைக்குப் போனது.

முந்தாநாள் அவள் லேப்டாப் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அலுவலகத்துச் செயலி ஒன்றை அவசரமாகச் சோதிக்க வேண்டியிருந்ததால், அவன் நடக்கப் போயிருந்த நேரத்தில் அவனுடைய கணினியில் இதே எமுலேட்டரைத் திறந்தாள். செயலி வெளியே என்னென்ன அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. போலிக் கைப்பேசியிடம், 'நீ யாரிடம் என்ன பேசுவதானாலும் முதலில் என் லேப்டாப்பிடம் சொல், அது வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கும்' என்று சொல்லிவிடுவது. லேப்டாப்பில் நடுவில் நின்று ஒட்டுக்கேட்கிற நிரல் ஒன்று ஓடும். போகிறது வருகிறது எல்லாம் அதன் வழியே. சோதித்தாள், வேலை முடிந்தது, லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தாள். சொன்னதைத் திரும்பப் பெற மறந்தே போனாள்.

பாவம், அந்தப் போலிக் கைப்பேசி இன்னமும் எல்லாவற்றையும் மூடிக்கிடக்கும் அவள் லேப்டாப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஐயோ" என்றாள். சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி?"

"நான்தான் அத்தை. நான் பண்ணினதுதான் இது."

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். மாமியாருக்குப் பாதி புரிந்தது, தேவையான பாதி. "அப்ப போய்ச் சொல்லு அவன்கிட்ட."

"எப்படிச் சொல்றது? யாரும் உதவி பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. உள்ள தலை நீட்டினா அத்தோட முடிஞ்சுது. போனையும் அணைச்சு வெச்சிருக்கான்."

கல்யாணமான புதிதில் மாமியார் முன்னால் 'ஏங்க' என்றும் தனியாக 'நீ' என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். இப்போது பதற்றத்தில் 'வெச்சிருக்கான்' என்று வாயில் வந்துவிட்டது. மாமியாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"உள்ள போகாம எதுவும் பண்ண முடியாதா?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். முடியும். லேப்டாப்பைத் திறந்து அந்த நிரலை ஓடவிட்டால் போதும். அடைத்த வழி திறந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. அவனுக்கும்தான்.

இந்த இடத்தில் ஒரு கணம் நின்று யோசித்திருக்கலாம். நின்று யோசிக்கிறது அவள் சுபாவத்தில் இல்லை. பைக்குள் கையை விட்டு லேப்டாப்பை உருவினாள், மேசையில் வைத்துத் திறந்தாள், பொத்தானை அழுத்தினாள். திரை ஒளிர்ந்தது. 'புதுப்பித்தல்கள் நிறுவப்படுகின்றன. கணினியை அணைக்க வேண்டாம்' என்றது.

"நாசமாப் போக!" என்று பல்லைக் கடித்தாள்.

உள்ளே அவன் குரல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. "இணையப் பெயரை எண் முகவரியா மாத்தற இடத்துல தப்பான்னு பாக்கறேன். பெயரை விட்டுட்டு நேரா முகவரியையே குடுக்கறேன். இப்பவும் போகலை. அப்ப அதுவும் இல்லை."

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு நெனைக்கிறீங்க?" என்று தாடிக்காரன் கேட்டான்.

"சொல்ல முடியலைங்க. எதெல்லாம் இல்லைன்னு தெரிஞ்சுது. மிச்சம் கொஞ்சம்தான்."

இப்படியா பதில் சொல்வார்கள்! 'ஒரு நிமிஷத்துல முடிச்சிடறேன்' என்று ஒரு பொய் சொன்னால் குடி முழுகிவிடுமா? அவள் கட்டைவிரல் நகத்தைக் கடித்துத் துப்பினாள். லேப்டாப்பில் சதவீதம் ஏறியது, நின்றது, ஏறியது. மாமியார் அவளுக்குப் பின்னால் நின்று அந்த எண்களை விரல்விட்டு எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகக் கடவுச்சொல் கேட்டது. அவசரத்தில் தப்பாக அடித்தாள். மறுபடி அடித்தாள். நிரலைத் தேடித் திறந்தாள்.

உள்ளே, "இனி எமுலேட்டரோட சொந்த அமைப்புகளை ஒவ்வொண்ணா" என்று அவன் தொடங்குவது கேட்டது. அவள் 'தொடங்கு' பொத்தானை அழுத்தினாள்.

அவள் திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. அறைக்குள் போலிக் கைப்பேசியில் வட்டம் மறைந்து, வரிசை எண்களும் மருத்துவர் அறைகளும் பச்சையும் நீலமுமாக வந்து நிறைந்தன.

"ஆஹா, ஓடிடுச்சே!" என்றான் தாடிக்காரன். "சரி, அடுத்ததுக்குப் போலாமா?"

மாமியார் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்பாடா என்று நாற்காலியில் விழுந்தாள்.

"இருங்க. போக வேண்டாம்" என்றான் நிதானம்.

அவள் நிமிர்ந்தாள்.

"நான் இன்னும் எதையும் மாத்தலை. அமைப்புப் பக்கத்தைத் திறக்கத்தான் போனேன். அதுக்குள்ள ஓடிடுச்சு."

"சில நேரம் அப்படித்தான் ஆகும்" என்றான் தாடிக்காரன். "ஓடுதில்ல, விடுங்க."

சாய்ந்திருந்த அந்த அம்மாள் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

"தானா சரியானது தானா கெட்டுப் போகும்" என்றான் அவன். "கொஞ்சம் நேரம் குடுங்க."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கைக்கு வந்த வேலையைக் காலால் எட்டி உதைக்கிறவனை என்ன செய்வது? கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தலையில் ஒரு குட்டு வைக்கலாமா என்றிருந்தது. அவன் அதற்குள் போலிக் கைப்பேசியின் உலாவியில், தன் செயலிக்குத் தகவல் தருகிற சர்வரின் பக்கத்தைத் திறந்து, பூட்டுச் சின்னத்தை அழுத்தி, அதன் சான்றிதழை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான். நீ பேசுவது சரியான சர்வரோடுதான் என்று கைப்பேசிக்கு உறுதி சொல்கிற சான்றிதழ்.

அவன் முதுகு அசையாமல் இருந்தது. பிறகு சொன்னான்:

"இது என் சர்வர் குடுத்த சான்றிதழ் இல்லை. நடுவுல யாரோ இருக்காங்க."

கூடத்தில் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

"குடுத்தது யாருன்னு பேர் இருக்கா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இருக்கு." அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஒட்டுக்கேக்கற நிரல் ஒண்ணோட பேரு. என் மனைவி அவங்க ஆபீஸ் வேலைக்கு இதைத்தான் வெச்சிருக்காங்க."

"வீட்லதான் இருக்காங்களா?"

பொய் சொல்ல வேண்டுமானால் இதுதான் நேரம். இல்லை, வெளியே போயிருக்கிறாள், பழைய அமைப்பு தங்கிவிட்டது என்று ஒரு வார்த்தை போதும். அவள் கண்ணை மூடிக்கொண்டு, சொல்லு, சொல்லித் தொலை என்று வேண்டினாள்.

"இருக்காங்க" என்றான்.

"உதவி கூடாதுன்னு சொல்லியிருந்தோம்." குரலில் சூடு இல்லை, ஆனால் சிரிப்பும் இல்லை.

"தெரியும் மேடம். இந்த அமைப்பு முன்னாடியே இருந்திருக்கு, அதனாலதான் ஓடலை. இப்ப ஓடறது அவங்க பக்கத்துல நிரலைத் திறந்ததால. எனக்குத் தெரியாம நடந்தது. அதை நிறுத்தச் சொல்றேன். மறுபடி ஓடாமப் போகும். அப்புறம் நீங்க பாத்துக்கிட்டிருக்கும்போதே நான் சரி பண்றேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் கதவுப் பக்கம் திரும்பினான். அரைக் கதவு இடைவெளியில் நேராக அவள் முகத்தைப் பார்த்தான். கோபமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அதை நிறுத்திடும்மா" என்றான்.

மாமியார் அவள் தோளை அழுத்தி, "வேண்டாம்டி, ஓடறதை ஏன் நிறுத்தணும்?" என்று முணுமுணுத்தார். நியாயமான கேள்விதான். அவளும் வாழ்நாள் முழுக்க அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். தொடங்கும்போது இல்லாத பயம் நிறுத்தும்போது வந்தது. தானே அவனைப் பிடித்துத் தள்ளுகிறமாதிரி இருந்தது. பொத்தானை அழுத்தினாள்.

அங்கே வரிசை எண்கள் போய் வட்டம் வந்தது. தாடிக்காரன் ஏதோ சொல்ல வாயெடுக்க, அந்த அம்மாள் கையைக் காட்டி அடக்கினார்.

நிதானம் எமுலேட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். "இதோ. ப்ராக்ஸி, அதாவது நடுவுல நிக்கற ஆள். இந்த வீட்லயே இருக்கற இன்னொரு கணினியோட முகவரி. அது தூங்கிக்கிட்டிருந்தா போனுக்கு நெட் இல்லை. விழிச்சிருந்தா இருக்கு." அந்த முகவரியை அழித்தான். சேமித்தான். செயலியைத் திறந்தான்.

வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. எண்கள் வந்தன.

அவள் தன் திரையைப் பார்த்தாள். ஒரு வரிகூட அந்த வழியாகப் போகவில்லை. அவளுக்கு மனசு லேசானது. கூடவே எங்கோ சுருக்கென்றும் தைத்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் அந்த அம்மாள். "ஓடிக்கிட்டிருந்ததை விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஏன் நிறுத்தினீங்க?"

அவன் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டான். தாடையைக்கூடத் தடவினான். "இது ஆஸ்பத்திரிக்குப் போற செயலி. அங்க என் மனைவி பக்கத்துல உக்காந்திருக்க மாட்டாங்களே" என்றான்.

அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். "எங்ககிட்ட ஒரே ஒரு இடம்தான் இருக்கு. நீங்க மட்டும் வாங்க, அவங்களையும் கூட்டிக்கிட்டு வந்துடாதீங்க. திங்கட்கிழமை சேர முடியுமா?"

அவன், "முடியும்" என்றான். இதற்கு மட்டும் நேரமே எடுத்துக்கொள்ளவில்லை.

திரை அணைந்ததும் மாமியார் பெரிய மகனுக்குப் போன் போட்டு, "உன் கடைக்கு வேற ஆளைப் பாத்துக்கடா!" என்று வீடு அதிரக் கத்திக்கொண்டே பால்கனிக்குப் போய்விட்டார். அவள் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ளத்தான் எழுந்தாள். அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். வேலை கிடைத்தவன் முகமாக இல்லை.

"சாரி. அந்த அமைப்பை எடுக்க மறந்துட்டேன்" என்றாள்.

"அது பரவாயில்லை. யாருக்கும் மறக்கும்."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

"அடுத்து நான் திறக்கப் போனதே அந்தப் பக்கம்தான். உனக்குக் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு."

"கேட்டும் ஏன் அழுத்தினே?"

ஏதாவது சொல்லி மழுப்பலாம். அவன் உள்ளே பொய் சொல்லாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு மழுப்ப வாய் வரவில்லை. "நீ அவங்க முன்னாடி தோத்துப் போறதைப் பாக்க முடியலை. இந்த வருஷம் முழுக்கப் பாத்துட்டேன். இன்னிக்கும் பாக்க எனக்குத் தெம்பு இல்லை" என்றாள்.

அவன் வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். மூடாமல் கிடந்த அவள் லேப்டாப்பை மெல்ல மூடினான்.

"நான் தோத்துக்கிட்டு இல்லைம்மா" என்றான். "தேடிக்கிட்டு இருந்தேன்."

ஓராண்டாக அவனைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த இரண்டும் வேறு வேறு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.